நீலத் தூளும் ஷூ அட்டையும்

இந்த மலருக்குக் கல்லூரி வரலாறு ஏதாவது எழுது என்று நண்பர்கள் கேட்டார்கள். சிவப்புக் கட்டடத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் தோல் கழிவைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், கதை தொடங்குவதே நம்ம கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம்தான்.

கல்லூரி கிண்டிக்கு வருமுன், சேப்பாக்கத்தில் இருந்த காலத்தில் இங்கே பொறியியல் பேராசிரியராக இருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1903-ல் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கியவர் அவர். அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான், தோல் வாரக்கணக்கில் குழியில் ஊற வேண்டும். குரோம் தோல் சில நாளிலேயே தயார். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது. கவலை இறைக்கும் தோல் பைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அழுகாத குணம்தான் பிறகு தொல்லையாயிற்று. குரோம் தோலைச் சீரான கனத்துக்குக் கொண்டுவர ஷேவிங் மெஷினில் கொடுப்பார்கள். உதிரும் தூள், நீலச் சாயம் போட்ட தேங்காய்த் துருவல் மாதிரி இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போனவர்களுக்கு அந்தக் குவியல்கள் தெரியும். மண்ணில் லேசில் மக்காது. கண்டபடி எரித்தால் அதிலுள்ள குரோமியம் விஷத்தன்மை கூடிய வடிவத்துக்கு மாறலாம். 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு எல்லோரும் கழிவு நீரைப் பற்றித்தான் பேசினோம். தூளைப் பேசியவர்கள் குறைவு.

இந்தத் தூளை அட்டையாக்கலாம். வேலை கிட்டத்தட்ட காகித ஆலை வேலையேதான். நீரில் ஊறவைத்து, ரிஃபைனரில் அரைத்து நாராக்கி, ரப்பர் பால் சேர்த்து, படிகாரம் விட்டு, கம்பி வலைமேல் ஓட்டி, நீர் வடித்து, அழுத்தி, உலர்த்துவது. லெதர் போர்டு என்பார்கள். ஷூவின் உள் அட்டைக்கும் குதிகால் அட்டைக்கும் போகும்.

நம் வளாகத்துக்கு எதிரே, 1948-ல் உருவான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தத் துறையில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதையே எடுத்தேன். காகிதம் நிற்கிறதே, இது நிற்காதா என்று ரப்பர் பால் இல்லாமலே முதல் தாளை வார்த்தேன். காய்ந்ததும் அப்பளமாக நொறுங்கியது. மர நார் ஒன்றையொன்று தானே பற்றிக்கொள்ளும். குரோம் ஏறிய தோல் நாருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. இந்தப் பாடத்துக்கு இரண்டு மாதம் செலவு.

ரப்பர் பால் சேர்த்த பிறகு நல்ல அட்டை வந்தது. வைவாவில் ஒரு பேராசிரியர் அதை வளைத்துப் பார்த்துவிட்டு, “குரோமியம் எங்கேப்பா போச்சு?” என்றார். எங்கும் போகவில்லை சார், அட்டைக்குள்ளேதான் இருக்கிறது என்றேன். “அப்போ ஷூ பிஞ்ச பிறகு?” என்றார். பதில் இல்லை.

மார்க் கொடுத்துவிட்டார்கள். குவியலாகக் கிடப்பதைவிட அட்டையாகப் பத்து வருஷம் உழைப்பது மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த அட்டைத் துண்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் கையில் எடுப்பேன். எந்தக் குப்பையில் போடுவது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.