பம்பும் பச்சைப்பிள்ளையின் மஞ்சளும்

இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் தனது சல்பியூட்டமோல் 'பம்பை' அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். முட்டு வந்தாலும் எடுப்பதில்லை. "பம்ப் அடிச்சா புள்ளைக்கு மஞ்ச காமாலை வரும்னு மாமி சொன்னாங்க" என்றார். மாமிக்கு ஆதாரம், போனுக்கு யாரோ அனுப்பிய செய்தி.

அந்தச் செய்திக்கும் ஒரு வேர் இருக்கிறது. 1969இல் விற்பனைக்கு வந்த சல்பியூட்டமோல், சுவாசக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. கருப்பைத் தசையையும் தளர்த்தும். ஆகவே அதையும் டெர்பியூட்டலின், ரிட்டோட்ரின் போன்ற அதன் உறவுக்காரர்களையும், குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போட ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுத்தார்கள். மருந்து நச்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். இதயத் துடிப்பு கூடும், பிறந்தபின் இரத்தச் சீனி இறங்கலாம். மஞ்சளும் கூடுமா என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். சிக்கல் இங்குதான். அந்தத் தாய்மாருக்கு மருந்து கொடுத்ததே குறைமாதத்தில் வலி கண்டதால். குறைமாதப் பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு, மருந்தே இல்லாவிட்டாலும், முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். நிறைமாதத்தில் 60 பேருக்கு. ஈரல் இன்னும் பிலிருபினைக் கழிக்கப் பழகவில்லை என்பதே முக்கிய காரணம். இதில் மருந்தின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது?

2011இல் அமெரிக்காவும் 2013இல் ஐரோப்பாவும் இந்தப் பிரசவப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின. மஞ்சளுக்காக அல்ல, தாயின் இதயத்துக்கு வந்த ஆபத்துக்காக. பம்பின் கணக்கே வேறு: ஒரு இழுப்பில் 100 மைக்ரோகிராம், ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் அதைப்போல 40 மடங்கு. முட்டை அடக்காமல் விட்டால்தான் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஒட்சிசன் குறையும்.

என் கவலை லயத்து அறையின் இருட்டைப் பற்றியது. ஒற்றை ஜன்னல், புகை படிந்த சுவர். அங்கே கறுத்த தோலில் மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் வந்தால், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தால், மருத்துவ மாது வரும்வரை காத்திருக்கக் கூடாது. பிலிருபின் மூளையில் படிந்தால் கேள்விப்புலனும் கைகால் அசைவும் ஆயுளுக்கும் பாதிக்கப்படலாம். ஆஸ்பத்திரியின் நீல ஒளி அதைத் தடுக்கும். 1956இல் இங்கிலாந்தின் ரொச்போர்ட் ஆஸ்பத்திரியில், வெயில் பட்ட இடத்தில் ஒரு பிள்ளையின் மஞ்சள் வெளிறியிருந்ததைத் தாதி ஒருவர் கவனித்ததில் தொடங்கிய வைத்தியம் அது. அதற்காக லயத்து வாசல் வெயிலை நம்பியிருக்க முடியாது.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். பம்ப் இப்போது தலையணைக்குப் பக்கத்தில்.