பழவேற்காட்டிலிருந்து ஒரு கல்லறைக்கு

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டை நாம் பெரும்பாலும் டச்சுக் கல்லறைகளுக்காகவே அறிவோம். 1517இல் அங்கு வந்திறங்கிய போர்த்துக்கீசியர் சிலரை ஆர்மீனிய வணிகர்கள் மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று, இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறையைக் காட்டினர். 1523இல் அதைத் தோண்டியபோது எலும்புகளும் ஈட்டிமுனையும் மண் நிறைந்த கலயமும் கிடைத்தனவாம்.

இங்கேதான் சிக்கல். தோமையாரின் எலும்புகள் எதேசா நகருக்குச் சென்றுவிட்டதை நான்காம் நூற்றாண்டிலேயே சிரியக் கவிஞர் எஃப்ரேம் பாடியிருக்கிறார். அவை கியோஸ் தீவு வழியே 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்தன. இன்றும் அங்கே வணங்கப்படுகின்றன. அப்படியானால் மயிலையில் அகப்பட்டவை யாருடையவை? ஈட்டிமுனையைக் கண்ட பிறகு தோண்டியவர்களுக்கு அந்த ஐயம் எழுந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம்மை ஈர்ப்பது அந்தக் கலயத்து மண்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, யாத்திரிகர்கள் அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று நீரில் கரைத்துக் காய்ச்சல் கண்டவருக்குப் புகட்டுவதை மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். கிறித்தவரோடு இசுலாமியரும் அத்தலத்தைப் போற்றினர் என்கிறார். ஐரோப்பாவில் எலும்புத் துணுக்குக்கும் பொற்பேழை செய்தார்கள். இங்கே எளியவர் கைக்கு எட்டியது மண். அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ 1693இல் வெட்டுண்ட ஓரியூரிலும் மக்கள் பக்தியோடு எடுத்துப்போவது செம்மணலைத்தான்.