பழைய நிழற்படங்களும் அவற்றினின்று பிறக்கும் சித்திரங்களும்

காஞ்சிமாநகருக்கு மேற்கேயுள்ள திருப்புட்குழியை நம்மவர் அறியாதாரல்லர். இராமபிரான் சடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்றிய தலமென்று புராணம் புகலும் அவ்வூரில் விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்டுள்ளார். மறைந்தோரை மறவாமை அறம் என்பதே அத்தலம் உணர்த்தும் பாடம். அப்பாடத்தை உளங்கொண்டு, அவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தறிக் குடும்பங்களின் பழைய நிழற்படங்களைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

பழம்படங்களைப் படியெடுத்துத் தாளிலும் துணியிலும் அச்சிட்டு, அதன்மேல் வர்ணமும் சரிகையும் எழுத்தும் சேர்த்துப் புதுச் சித்திரம் ஆக்குவோர் இக்காலத்தில் பலர் உளர். இஃது ஏதோ மேனாட்டுப் புதுமை என்று நம்மவருட் சிலர் கருதுவர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

சென்னையில் 1850-ஆம் ஆண்டில் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் நிறுவிய கலைப்பள்ளியில் சித்திரத்தோடு நிழற்படக் கலையும் பயிற்றப்பட்டது. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராய் அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பார், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்து 1858-இல் தொகுதிகளாக வெளியிட்டார். அவர் மெழுகு தோய்ந்த தாளில் எடுத்த மூலப்படங்களின்மேல் தூரிகை கொண்டு மேகங்களையும் தழைகளையும் தீட்டியே அச்செடுத்தனர். எனவே, படத்தோடு வர்ணம் கலத்தல் நம் நாட்டில் நிழற்படத்தோடு உடன்பிறந்ததேயாம்.

பின்னர், 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கவே, தெய்வப் படங்கள் எளியோர் இல்லங்களையும் எய்தின. அவ்வச்சுப் படங்களின்மேல் துணி ஒட்டிச் சரிகையும் சமிக்கியும் தைத்து அணிசெய்தல் அக்காலத்து வழக்கம். அத்தகைய படங்களைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணலாம். ஸ்டூடியோக்காரரும் வாளாவிருந்தாரல்லர். கணவன் இறந்தபின், அவன் உருவை ஒரு கூட்டப் படத்தினின்று வெட்டியெடுத்துப் பெருக்கி, மனைவியின் உருவோடு இணைத்து, மையாலும் வர்ணத்தாலும் திருத்தித் தம்பதி படமாக்கிக் கொடுத்தனர். வாழ்வில் ஒருங்கே படம் எடுத்துக்கொள்ளாதார் சட்டத்துள் ஒருங்கே அமர்ந்தனர்.

நிற்க. பழம்படங்களில் மற்றொரு வகையும் உண்டு. சென்னை அருங்காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், அரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் தென்னாட்டுச் சாதிகளின் படங்கள் பல உள்ளன. அவற்றில் நிற்போர் பலருக்குச் சாதிப் பெயர் உண்டு. தம் பெயர் இல்லை. மக்களை மாதிரிப் பொருள்களாக எண்ணி அளவெடுத்த காலம் அது. இக்குறையைச் சுட்டிய கலைஞர் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா ஆவார். அவர் கிளேர் ஆர்னியுடன் கூடி, 2000 முதல் 2004 வரை, அத்தகைய பழம்படங்களின் கோலங்களைத் தாமே புனைந்து நின்று, படங்களாக எடுத்துக் காட்டினார். டில்லியில் வாழ்ந்த விவான் சுந்தரமோ, தம் பாட்டனார் உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, வெவ்வேறு காலத்தவரை ஒரே அறையில் கூட்டிய படங்களை 2001, 2002-ஆம் ஆண்டுகளில் ஆக்கினார். முன்னதில் பெயரற்றோர் பொருட்டு ஒரு வினா எழுகின்றது. பின்னதில் பெயருடையோரின் உறவு புலனாகின்றது.

இவ்வேறுபாடே நாம் கருதவேண்டுவது. நம் வீடுகளிலுள்ள படங்களுக்கு இன்று பெயர் உண்டு. சொல்லும் பாட்டிமாரும் உளர். அவர் மறைந்தால் நம் முன்னோரும் தர்ஸ்டன் தொகுதியில் நிற்போர் போலப் பெயரற்றவராவர். வீடு இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் சட்டத்தைக் கழற்றி விற்றுப் படத்தைக் குப்பையிலிடும் கொடுமையை எங்கணும் காண்கின்றோம். பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவு பெற்று, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடிப் படியெடுத்துக் காத்துள்ளனர். அயலார்க்குள்ள அக்கறை நமக்கு இல்லாதிருத்தல் அழகோ?

ஆதலின், இளைஞர் இக்கலையில் இறங்குதலை நாம் மகிழ்ந்து ஏற்கின்றோம். கட்டத்தாளில் புள்ளும் கொடியும் வகுத்து, ஜக்கார்டு அட்டையில் துளையிட்டு, பட்டில் உருவம் எழுப்பும் கை நம்முடையது. சிறு சிறு கட்டங்களைக் கூட்டி ஓர் உருவத்தை ஆக்கும் வித்தை நமக்கு அரிதன்று. மீந்த சரிகையும், பழுதான அட்டையும், பாட்டனார் கணக்கேட்டின் ஓரமும் இக்கலைக்கு நல்ல உறுப்புகளாகும்.

ஆயினும் மூன்று விதிகளை வற்புறுத்துகின்றோம். மூலப்படத்தை ஒருபோதும் வெட்டலாகாது. நகலிலேயே கைவைத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன், படத்திலுள்ளார் பெயர், ஊர், உறவு, தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை மெல்லிய பென்சிலால் படத்தின் பின்புறம் அழுந்தாமல் எழுதல் வேண்டும். பிறர் வீட்டுப் படமாயின் அவ்வீட்டார் இசைவு பெறுதல் வேண்டும். இம்மூன்றும் இன்றிச் செய்யும் சித்திரம் எத்துணை அழகாயினும் அது முன்னோரை இருமுறை இழத்தலாகும்.

வரும் திங்கட்குள் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு மூத்தோர் அருகமர்ந்து, ஒரு படத்தின் பின்னேனும் பெயரெழுதி வைப்பார்களாக. சித்திரம் பிறகு வரலாம், பெயர் காத்திராது.