நுவரெலியாவுக்குப் போவதா, வேண்டாமா?

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு மாலைப் பொழுது. கொழும்பிலுள்ள எமது வீட்டில் ஒரு சிறிய மாநாடே நடந்து கொண்டிருந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியாவுக்குப் போவதா, வேண்டாமா என்பதே பேசுபொருள். மருமகன் கிறகரி வாவிக்கு அருகில் ஒரு விடுதியில் அறை பேசி வைத்திருந்தார். மறுநாள் காலைக்குள் முற்பணம் செலுத்தாவிட்டால் அறை கைமாறிவிடும் என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டாராம். ஐந்து வயதுப் பேத்திக்கோ வாவிக்கரையில் மட்டக்குதிரையில் ஏற வேண்டும், படகில் போக வேண்டும், கானிவலில் ராட்டினம் சுற்ற வேண்டும். ஓராண்டு காலமாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளை அவள். அவளுடைய கட்சிக்கு வீட்டில் பெரும்பான்மை இருந்தது.

எனக்கு மட்டும் தயக்கம். நுவரெலியாவிலிருந்து திரும்பும் வழியில் டிக்கோயாவுக்கு அருகிலுள்ள தோட்டத்தில் எனது தாயாரைப் பார்க்காமல் வர முடியாது. எழுபத்தேழு வயதிலும் லயத்தை விட்டு வரமாட்டேன் என்று தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இறக்கிய இஸ்தோப்பு, பின்னால் ஒரு குசினி. அதில் ஐந்து பேர். அந்த வீட்டில் “ஒரு மீற்றர் இடைவெளி” என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இத்தனைக்கும் அரசாங்கத்தின் தடை எதுவும் அப்போது இருக்கவில்லை. முந்திய ஆண்டின் நிலைமை வேறு. 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அந்த ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டம் நடைபெறவே இல்லை. குதிரைப் பந்தயம் இல்லை, மலர்க் கண்காட்சி இல்லை, வாவியில் படகில்லை. 2021 இல் முகக்கவசம் அணியுங்கள், கை கழுவுங்கள், கூட்டத்தைத் தவிருங்கள் என்ற அறிவுறுத்தல்களோடு வாசல் திறந்தே கிடந்தது. அதே காலத்தில், கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் பதின்மூன்று மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. 2020 மார்ச் நடுப்பகுதியில் மூடப்பட்ட அது, 2021 ஏப்ரல் 30 ஆம் திகதிதான், அதுவும் முதலில் கலிபோர்னியாவாசிகளுக்கு மட்டும், திறக்கப்பட்டது. அங்கே முடிவை அரசு எடுத்தது. இங்கே எங்கள் வீட்டு மேசையில் வந்து விழுந்திருந்தது.

ஒரு பத்திரிகைக்காரனுக்கு எந்தக் கேள்வியைக் கண்டாலும் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வியாதி உண்டு. அன்றிரவு நான் அதைத்தான் செய்தேன்.

நுவரெலியா உல்லாசத்துக்காகப் பிறந்த ஊரல்ல. நோய்க்குப் பயந்து ஓடியவர்களுக்காகப் பிறந்த ஊர். 1820 களின் இறுதியில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ், ஏறத்தாழ 6,200 அடி உயரத்திலிருந்த இந்த மேட்டுநிலத்தைத் தெரிவு செய்தது, சமவெளியின் காய்ச்சலில் நொந்துபோன பிரித்தானியப் படைவீரர்கள் உடல் தேறுவதற்காகவே. அவர் தமக்கென்று கட்டிய மாளிகைதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாகியது. நுவரெலியாவின் தந்தை என்று சொல்லத்தக்க சாமுவேல் பேக்கரும் 1847 இல் காட்டுக் காய்ச்சலில் விழுந்து, தேறுவதற்காக மேலே அனுப்பப்பட்டவரே. குளிர் பிடித்துப்போக, மறு ஆண்டே இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து குடியேறினார்.

இன்று சுற்றுலாப் பயணிகள் ரோசா மலர்களைப் படம் பிடிக்கும் ஹக்கல பூங்காவின் கதை இன்னும் சுவையானது. 1861 இல் அது ஆரம்பிக்கப்பட்டது பூக்களுக்காக அல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு அருமருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைப் பரீட்சார்த்தமாக வளர்ப்பதற்காக. கோப்பிப் பயிர் இலைநோயில் அழிந்தபோது, தேயிலை காலூன்றும் வரை பல துரைமாரைக் காப்பாற்றியது அந்த மரப்பட்டைதான். ஆக, மருத்துவமனைத் தோட்டத்தில்தான் நாம் இன்று உலாவித் திரிகிறோம்.

அதன் பிறகே உல்லாசம் வந்தது. 1870 களில் ஆளுநர் வில்லியம் கிறகரியின் பெயரில் வாவி, அதே காலத்தில் குதிரைப் பந்தயத் திடலும் ஹில் கிளப்பும், 1897 இல் மகாராணியின் வைர விழாவை ஒட்டி விக்டோரியா பூங்கா. ஏப்ரலில் கொழும்பு வெந்தபோது உத்தியோகத்தர்களும் துரைமாரும் நானுஓயா வரை ரயிலேறி மேலே வந்தார்கள். “சீசன்” என்று நாம் இன்றும் சொல்லும் சொல் அவர்கள் விட்டுச் சென்றதுதான்.

இந்தக் கதையை நமது சுற்றுலாக் கையேடுகள் இதோடு நிறுத்திக் கொள்கின்றன. அதே மலைக்கு, அதே காலத்தில், வேறொரு வழியாக வந்தவர்களும் இருந்தார்கள்.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் வாந்திபேதியிலும் அம்மையிலும் பாதையோரங்களில் செத்து விழுந்தார்கள். எத்தனை பேர் என்பதில் அன்றும் வாதம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த மரணங்கள் அதிகாரிகளுக்குத் தந்த கவலைகளில் பெரியது, நோய் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் பரவிவிடுமே என்பதுதான். முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமும், பின்னர் தனுஷ்கோடி-தலைமன்னார் பாதை 1914 இல் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து மண்டபம் முகாமும் எழுந்தன. இலங்கைக்கு வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அங்கே நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டுப் பார்வையிடப்பட்ட பின்னரே கப்பலேறலாம். மேல் வகுப்புச் சீட்டு வாங்கியவர்களுக்கு அந்த முகாம் வாசம் இருக்கவில்லை. கிருமிக்கும் வகுப்பு வித்தியாசம் தெரியும் என்று நம்பிய காலம் அது.

எனது அப்பாயி அந்த முகாமைக் கண்டவர். 1920 களில், ஆறோ ஏழோ வயதில், திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்தவர். நான் பேராதனையில் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன். உடுத்தியிருந்த துணியை அவிழ்த்து வாங்கி ஆவியில் போட்டது, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டியது, கையில் அம்மை குத்தியது, வயிற்றுப் புழுவுக்குக் குமட்டும் மருந்து கொடுத்தது எல்லாம் அவருக்கு மறக்கவே இல்லை. “மாட்டுச் சந்தையில பல்லப் பாக்குற மாதிரி பாத்தாங்கப்பா” என்பார். அடுத்த மூச்சிலேயே, “ஆனா சோறு போட்டாங்க” என்றும் சொல்வார்.

மண்டபத்தை வெறும் கொடுமைக் கூடாரமாக எழுதிவிட்டுப் போவது எளிது; இளமையில் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இன்று அவ்வாறு எழுதமாட்டேன். வடபாதையில் நடந்து செத்தவர்களை நினைத்தால், அம்மை குத்திச் சோறும் போட்டு அனுப்பிய முகாம் உயிர்களைக் காத்தது உண்மை. ஆயினும் அங்கே நிறுத்தப்பட்டவர் தமக்காக நிறுத்தப்படவில்லை, தாம் போய்ச் சேரவிருந்த ஊருக்காக நிறுத்தப்பட்டார். மறுபுறத்தில் 1918 இல் உலகைச் சுற்றிய இன்புளுவென்சா கப்பலேறி வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியபோது, முகாம் காவல் எதுவும் அதனைத் தடுக்கவில்லை. தோட்டத்து லயங்களையும் அது விட்டு வைக்கவில்லை.

பழைய கட்டுகளை மூடிவிட்டுப் புதியவற்றுக்கு வந்தேன். அவை நானே செய்தியாக எழுதியவை. 2020 ஏப்ரலில் நாடே வீட்டுக்குள் இருந்தபோது தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. கொழும்புத் தேயிலை ஏலம் அந்த மாதம் 4 ஆம் திகதி முதன்முறையாக இணையவழியில் நடந்தது. வாங்குவோரும் விற்போரும் வீட்டிலிருந்தபடியே விலை பேசினார்கள். கொழுந்தை மட்டும் வீட்டிலிருந்தபடி பறிக்க முடியவில்லை. காலையில் பெரட்டுக்குப் போவதும், நிறுவைக்குப் பை தூக்கி வரிசையில் நிற்பதும் வழமை போலவே நடந்தன. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளிவந்தது அதற்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2021 மார்ச்சில்.

இன்னொரு செய்தி. 2020 நவம்பர் 14 ஆம் திகதி தீபாவளி. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தோன்றிய தொற்று பரவிக்கொண்டிருந்த நேரம். நவம்பர் 11 நள்ளிரவிலிருந்து 15 வரை மேல் மாகாணத்தை விட்டு எவரும் வெளியேறக் கூடாது என்று தடை வந்தது. கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்களும் பெண்களும் ஆண்டுக்கொரு முறை ஊர் போகும் நாட்கள் அவை. “வராதே, வந்தால் லயமே போய்விடும்” என்று பெற்றோரே தொலைபேசியில் சொல்லினர். சரியான தடைதான். நானும் அதனை ஆதரித்தே எழுதினேன். புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் என் தம்பி மகன் அந்தத் தீபாவளியைக் கடையின் மேல்மாடியில் கழித்தான்.

ஏப்ரலில் நான் முடிவு கேட்டுத் தொலைபேசி எடுத்தது முதலில் அம்மாவுக்குத்தான். “புள்ளையக் கூட்டிக்கிட்டு வாப்பா, பாத்து ஒரு வருசமாச்சி” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்து, “அவ்வளவு சனத்துக்குள்ள போயிட்டு இங்க வாரதுன்னா... பக்கத்துக் காம்பராவுல கைப்புள்ள இருக்கு” என்றார். முடிவு அதிலேயே வந்துவிட்டது. அறை வேண்டாமென்று மருமகன் சொல்லிவிட்டார். பேத்தி இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

அடுத்து தம்பி மகனை அழைத்து, நீயும் இம்முறை போகாதே என்றேன். அவன் மறுத்துப் பேசுகிற பிள்ளையல்ல. அன்று பேசினான்.

“பெரியப்பா, தீபாவளிக்குப் போகாதேன்னீங்க, போகல. இப்ப கொழும்பே வேனப் புடிச்சி நுவரெலியாவுக்குக் குதிர ஓட்டம் பாக்கப் போவுது. அவங்கள ஒருத்தரும் மறிக்கல. எங்கம்மாவப் பாக்கப் போறவன மட்டும் ஏன் மறிக்கிறீங்க?”

முப்பது வருடங்களாக அமைச்சர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. கிருமிக்கு நியாய அநியாயம் தெரியாது என்றேன். அது உண்மைதான், ஆனால் அவன் கேட்டது கிருமியிடமல்ல.

அவன் ஹற்றன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். இஸ்தோப்பில் பாய் விரித்துப் படுத்து, அம்மாவை எட்டவிருந்தே பார்த்து, மூன்றாம் நாள் திரும்பியதாகப் பின்னர் தம்பி சொன்னான். அந்த வாரம் நுவரெலியாவில் வாகனங்கள் நகர முடியாமல் நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

மாத இறுதியில் நாளாந்தத் தொற்றாளர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. வேகமாகப் பரவும் அல்பா திரிபு நாட்டுக்குள் வந்துவிட்டதென ஆய்வாளர்கள் அறிவித்தனர். மே மாதத்தில் அது மூவாயிரத்தை எட்டியது. மாகாணங்களுக்கிடையிலான பயணம் நின்றது. மே 21 முதல் ஜூன் 21 வரை நாடளாவிய பயணக் கட்டுப்பாடு வந்தது. புத்தாண்டுக் கூட்டங்களே காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், கூட்டத்தில் நின்றவர்கள் உட்பட.

ஜூன் மாதம் எங்கள் லயத்துக்கும் காய்ச்சல் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து லயம் முழுவதையும் தனிமைப்படுத்தினார். பன்னிரண்டு காம்பராக்களுக்கும் இரண்டு பைப்புகள். தண்ணீருக்கு எல்லோரும் அங்கேதான் வர வேண்டும். அம்மாவுக்கும் பி.சி.ஆர். முடிவு தொற்று என்றே வந்தது. பிழைத்துக்கொண்டார். இரண்டு காம்பரா தள்ளியிருந்த ஒரு மூதாட்டி, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர், பிழைக்கவில்லை.

தம்பி மகன் அழைத்து, “நான் கொண்டு போனதா பெரியப்பா?” என்று கேட்டான். ஏப்ரலில் வந்து போனவன் ஜூன் மாதத்துக் காய்ச்சலுக்குக் காரணமாக முடியாது என்று நாட்களைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். எத்தனை முறை சொல்லியும் அவன் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த ஏப்ரலில் வாவிக்கரையில் படமெடுத்துக்கொண்ட என் நண்பர்கள் ஒருவரும் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

2022 ஏப்ரலில் பெற்றோலுக்கே வரிசை, எங்கும் போகவில்லை. 2023 ஏப்ரலில்தான் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் டிக்கோயா, பிறகு நுவரெலியா. தம்பி மகனும் வந்திருந்தான். ஏழு வயதுக்கு அவள் நன்றாக வளர்ந்திருந்தாள். மட்டக்குதிரையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இது சின்னப் பிள்ளைங்களுக்கு” என்று சொல்லிவிட்டு, படகுச் சீட்டு விற்குமிடத்தை நோக்கி அவனை இழுத்துக்கொண்டு போனாள்.