விசைக்கு வளைந்த எழுத்து

மனிதனும் பொறியும் எதிரெதிரே அமரும்போது, யார் யாருக்கு வளைந்து கொடுப்பது? கிணற்றில் கமலை இறைத்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. மாடும் ஆளும் கயிறும் தலைமுறை தலைமுறையாகப் பழகி ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்யப்பட்டுப் பெட்டியில் வந்து இறங்கும் பொறி அப்படிப்பட்டதன்று. அதைச் செய்தவர் நம்மைக் கண்டதில்லை. நம் மொழியைக் கேட்டதும் இல்லை. அத்தகைய பொறியின் விசையும் திரையும் பயன்படுத்துவோருக்கு ஏற்ப எவ்வாறு அமைய வேண்டும் என ஆராயும் துறைக்கு ஊடாட்ட வடிவமைப்பு என்று பெயர். பில் மாக்ரிட்ஜ், பில் வெர்ப்ளாங்க் என்னும் இருவர் 1980-களின் நடுவில் இப்பெயரைச் சூட்டினர். பெயர்தான் புதிது, சிக்கல் பழையது.

இத்துறையின் வரலாற்றை அமெரிக்காவில் தொடங்குவது வழக்கம். 1963-இல் ஐவன் சதர்லண்ட், ஒளிப்பேனாவால் திரைமீது படம் வரையும் முறையைக் காட்டினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட், கையடக்கமான ஒரு பெட்டியை மேசைமேல் நகர்த்தித் திரையிலுள்ள குறியை நகரச் செய்தார். அதுவே இன்றைய சுட்டெலி. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஆல்ட்டோ, 1984-இல் ஆப்பிளின் மாக்கின்டாஷ் என்று கதை தொடரும். இவை அனைத்தும் உண்மையே. ஆனால் தமிழ்வழியில் பயிலும் நமக்கு இந்தக் கதை பாதியில் தொடங்குவதுபோல் தோன்றுகிறது. தமிழன் ஒரு பொறியின் முன் அமர்ந்து, தன் எழுத்துக்கும் அதன் விசைக்கும் இடையே திண்டாடியது இதற்கெல்லாம் முன்பே நடந்துவிட்டது. அந்தப் பொறி தட்டச்சுப் பொறி.

எங்கள் ஊர் வீரகேரளம்புதூர். தென்காசி மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். இத்தகைய ஊர்களில் வட்டாட்சியர் அலுவலகத்தின் அருகே மனு எழுதிக் கொடுப்பவரும், கடைத்தெருவில் ஒரு ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்’டும் இருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே கேட்ட ‘டக் டக்’ ஓசைக்குப் பின்னால் இருந்த கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868-இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் அதனை 1874-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆங்கிலத்துக்கு எழுத்துகள் 26. சிறிய, பெரிய வடிவங்களையும் எண்களையும் சேர்த்தாலும் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடங்கிவிடும். தமிழுக்கோ 247 எழுத்துகள். விசைக்கு இரண்டு குறிகள் என்று வைத்தாலும் தொண்ணூற்றை ஒட்டித்தான் இடம் கிடைக்கும். என்ன செய்வது?

இதற்கு விடை கண்டவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலை தேடி மலாயா சென்றவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர். 247 எழுத்தையும் முழுதாக வைக்க முடியாது என்பதைக் கண்டு, எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனி விசைகளில் வைத்துவிடலாம். இவை மெய்யின் பக்கத்தில் நிற்பவை. அதனால் தொல்லை இல்லை. ஆனால் தலைமேல் ஏறும் புள்ளியையும், உடம்போடு ஒட்டும் ‘கி’, ‘கீ’யின் விலங்குகளையும் என்ன செய்வது? ஒரு விசையை அழுத்தியதும் காகிதம் ஓரெழுத்து தூரம் நகர்ந்துவிடுமே!

அவர் கண்ட வழி நகரா விசை. அதை அழுத்தினால் குறி பதியும், காகிதம் நகராது. அதே இடத்தில் அடுத்து மெய்யெழுத்தை அடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். எளிய உபாயந்தான், ஆயினும் இதைவிடச் சிக்கனமாக வேறு எவரும் செய்திருக்க முடியுமா என்பது ஐயமே. அவர் வடிவமைத்த பொறிகள் ஜெர்மனியில் உருவாகித் தமிழர் வாழும் நாடுகளுக்கு வந்தன.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியுள்ளது. பள்ளியில் நாம் ‘க’ எழுதி, பிறகு புள்ளி வைக்கிறோம். தட்டச்சிலோ முதலில் புள்ளி, பிறகுதான் ‘க’. அம்மா என்று அடிக்க அ, புள்ளி, ம, ம, கால் என்பது வரிசை. நாக்கும் பேனாவும் ஒரு வழியில் செல்ல, விரல் மட்டும் வேறு வழியில் சென்றது. இங்கே வளைந்தவன் மனிதன். வளைந்ததற்குக் கூலியும் கிடைத்தது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியபின் அலுவலகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சர்கள் தேவைப்பட்டனர். லோயர், ஹையர் என்று தேர்வெழுதி எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் அரசுப் பணிக்குச் சென்றனர். ஆறு மாதம் பழகினால் புள்ளி முன்னே வருவது இயல்பாகத் தோன்றிவிடும். பழக்கம் பொறியின் குறையை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எழுத்தும் சிறிது வளைந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் முன்பு தனி வடிவம் கொண்டிருந்தன. அச்சுக் கோப்பவருக்கு இவற்றுக்கெல்லாம் தனி அச்சு வேண்டியிருந்தது. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் இவற்றை மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் இட்டு அச்சிட்டார். 1978-இல் தமிழக அரசு அதையே ஏற்றது. பொறிக்காகவே செய்த மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. குழந்தைகள் எளிதில் கற்கவேண்டும் என்பதும் நோக்கமாயிருந்தது. எனினும் பொறிக்கும் அது உதவியது.

கணிப்பொறி வந்தபோது நிலைமை மாறியிருக்க வேண்டும். கணிப்பொறியில் நகரும் காகிதம் இல்லை. மோதும் அச்சுக் கம்பிகளும் இல்லை. விசை ஒன்று, திரையில் தோன்றும் வடிவம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே நாம் விரும்பும் எந்த விதியையும் வைக்கலாம். 1984-இல் கனடாவிலிருந்து சீனிவாசனின் ‘ஆதமி’யும், 1985-இல் மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் ‘முரசு’ம் தோன்றின. பின்னர் ஆளுக்கொரு குறியீடு பெருகியது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் பொருளற்ற கிறுக்கலாகத் தெரிந்தது. விசைப்பலகையிலும் இதே குழப்பம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு இதற்கொரு முடிவைத் தேடியது. அதன் விளைவே ‘தமிழ்99’ விசைப்பலகை. இதை நான் சற்று விரித்தே கூற விரும்புகிறேன். ஏனெனில் இங்கேதான் முதன்முறையாக வளைய வேண்டிய முறை பொறியினுடையதாயிற்று.

இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம்; மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘க’வை அழுத்தி ‘இ’யை அழுத்தினால் ‘கி’. இலக்கணத்தில் படித்த உயிர்மெய்ப் புணர்ச்சி அப்படியே விரலில் நிகழ்கிறது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேல் தானே புள்ளி விழும். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் புள்ளி தானே விழும். எனவே ‘சுரண்டை’ என்று எழுத ச, உ, ர, ண, ட, ஐ. புள்ளி விசையைத் தொடவே வேண்டாம். ‘வீரகேரளம்புதூர்’ என்னும் நீண்ட பெயருக்கு 14 தட்டல்கள். புள்ளியைத் தொடுவது கடைசி ‘ர்’ ஒன்றுக்கு மட்டுமே. தமிழில் இன எழுத்துகள் இணைந்தே வரும் என்ற பழைய இலக்கண விதியை ஒரு பொறி கற்றுக்கொண்டிருக்கிறது! விதிவிலக்கு உண்டு. ‘பப்பாளி’ எழுத முதல் ‘ப’வுக்குப் பின் ‘அ’வை அழுத்த வேண்டும். அது பெரிய குறையன்று.

இவ்வளவு நல்ல பலகை இருந்தும், என் வகுப்புத் தோழர்களில் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழைப் பெறுகிறார்கள். பழி அவர்கள்மேல் இல்லை. பள்ளிக் கணிப்பொறியின் விசைகளில் அச்சிட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. கண்ணுக்குத் தெரிவதைத்தான் விரல் தேடும். ஆனால் ல, ள, ழ மூன்றையும் நாக்கில் வைத்திருக்கும் மாணவன், ‘ழ’வுக்கு எந்த இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்ப்பது என்று யோசிக்கிறான். தட்டச்சுக் காலத்தில் விரல் மட்டும் சுற்றுவழி சென்றது; இப்போது எண்ணமே சுற்றுவழி செல்கிறது. தமிழ்99-ஐப் பழகச் சில வாரங்கள் போதும். ஆறாம் வகுப்பிலேயே அதைப் பழக்கினால் என்ன?

எழுத்தறிந்தவருக்கே இந்த நிலை என்றால் அறியாதவரின் நிலை என்ன? அன்று கைரேகை வைப்பவருக்கும் தட்டச்சுப் பொறிக்கும் நடுவே மனு எழுதுபவர் இருந்தார். இன்று இ-சேவை மையத்தில் கணிப்பொறி இருக்கிறது. பாட்டிக்கும் அதற்கும் நடுவே வேறொருவர் அமர்ந்திருக்கிறார். பொறி மாறிற்று, நடுவில் ஆள் இருப்பது மாறவில்லை.

இனி வருவது பேச்சு. 2017-இல் கூகுள் தமிழைப் பேசிப் பதிக்கும் வசதியைத் தந்தது. 2022-இல் இந்திய அரசு ‘பாஷினி’ திட்டத்தைத் தொடங்கியது. பாட்டி பேச, பொறி எழுதும் நாள் தொலைவில் இல்லை. ஆனால் எந்தத் தமிழைப் பேசினால் அது எழுதும்? செய்தி வாசிப்பவரின் தமிழையா, ‘அவிய வந்தாவ, சொன்னாவ’ என்னும் எங்கள் பக்கத்துத் தமிழையா? பொறி தான் கேட்டுப் பழகிய குரல்களையே நன்கு அறியும். நெல்லைச் சீமைக் கிழவிகளின் குரல் அதன் பயிற்சியில் இல்லையென்றால், அவர்கள் பொறிக்காகத் தம் பேச்சைத் திருத்திக்கொள்ள நேரும். புள்ளியை முதலில் அடிக்கப் பழகிய விரல்களின் கதைதான் மறுபடியும்.

இன்னொன்றும் உண்டு. மனு எழுதுபவர், கைரேகை வாங்குமுன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம். பெயர், தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண் ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிரே இருப்பவர் தலையசைத்த பிறகே காகிதம் கைமாறும். பேச்சுப் பொறியை வடிவமைப்பவர்கள், அது கேட்டதை எழுதி உடனே அனுப்பிவிடாமல், அதே பேச்சில் திரும்பச் சொல்லிக் காட்டி, ‘சரிதானா ஆச்சி?’ என்று கேட்கும்படி செய்ய வேண்டும். ஆச்சி ‘இல்லய்யா, எழுவத்தி மூணு’ என்றால் எண்ணைத் திருத்தி மறுபடி படிக்கவும் வேண்டும்.