ஒரே மலையின் இரு குடிகள்

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள சியரா லியோனின் வரலாற்றிற் பெரும்பகுதி, பிடித்து விற்கப்பட்ட உயிர்களின் வரலாறாகும். அந்நாட்டின் பன்ஸ் தீவுக் கோட்டையிலிருந்து பல்லாயிரம் மனிதர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. அதன்பின் கடலில் மறிக்கப்பட்ட கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டோர், தலைநகர் ஃபிரீடவுனைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ரீஜன்ட் அவற்றுள் ஒன்று.

மனித வாணிகம் ஒழிந்த அக்கரையில், இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வாணிகம் தழைத்தது. மேல்நாட்டு ஆய்வுகூடங்களுக்கும் மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் சிம்பன்சிக் குட்டிகள் அனுப்பப்பட்டன. தாயைக் கொன்றாலன்றிக் குட்டியைக் கைப்பற்றுதல் அரிது. மனிதரையும் விலங்கையும் ஒரு தட்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. இலாபத்தின் கை இரண்டையும் தீண்டியது என்பதே நாம் சுட்ட விரும்புவது. 1972இற் சட்டம் சிம்பன்சிக்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும் சங்கிலியிற் கட்டுண்ட குட்டிகள் தெருவோரங்களில் விற்கப்பட்டே வந்தன.

இலங்கையிற் பிறந்து, இளமையிலேயே அந்நாட்டிற் குடியேறியவர் பாலா அமரசேகரன். கணக்காளராகத் தொழில் பார்த்த அவரும் மனைவியாரும் 1988இல் நோயுற்ற குட்டியொன்றை இருபது டொலருக்கு வாங்கி, புரூனோ எனப் பெயரிட்டு வளர்த்தனர். வீட்டிற்குள் அடங்காத அப்பணியே 1995இல், ரீஜன்ட் கிராமத்துக்கருகே, டக்குகாமா சிம்பன்சிச் சரணாலயமாக உருப்பெற்றது. 1991 முதல் 2002 வரை நீடித்த உள்நாட்டுப் போரிற் சரணாலயமும் சூறையாடப்பட்டது. எனினும் உள்ளூர்ப் பணியாளர் விலங்குகளைக் கைவிடவில்லை. 2006இல் புரூனோவுடன் முப்பத்தொரு சிம்பன்சிகள் தப்பியோடியபோது மனித உயிரொன்று பலியாயிற்று. அயலவர் தரும் விலை எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

காட்டினருகே வாழும் ஏழை எதன்பொருட்டு வேட்டையாடுகிறான்? எதன்பொருட்டு மரம் வெட்டிக் கரி சுடுகிறான்? அடுப்பெரிய வேறு வழியின்மையினாலன்றோ! இதனை உணர்ந்தமையே டக்குகாமாவின் சிறப்பு. சிம்பன்சி வாழும் காடுகளை அடுத்த கிராமங்களில் வேளாண்மைக்கும் கால்நடை வளர்ப்புக்கும் கல்விக்கும் அது துணைநின்றது. கிராமத்தார் வேட்டையைக் கைவிட இசைந்தனர். அடுத்த வீட்டாருக்குச் செய்த தருமமாக இதனைக் கருதுதல் தவறு. சரணாலயத்தின் மெய்யான வேலி இதுவே.

ஆயினும் காட்டின் பகைவன் ஏழை மட்டுமல்லன். மனை பிரித்து விற்போரும் மலைச்சரிவில் மாளிகை எழுப்புவோரும் அவனினும் வலியவர். 2017 ஆகஸ்ட் 14ஆம் நாள் பெருமழையில் ரீஜன்ட் பகுதி மலை சரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், காணாமற் போயினர். மரமிழந்த சரிவு மண்ணைத் தாங்கவில்லை. சிம்பன்சியின் இருப்பிடத்தை அழித்த கோடரியே மனிதரின் வீட்டையும் புதைத்தது. 2019இல் அரசு சிம்பன்சியைத் தேசிய விலங்காக அறிவித்தது. எனினும் காட்டு நில அபகரிப்பு ஓயவில்லை. 2025இல் அதனைக் கண்டித்துச் சரணாலயம் பார்வையாளருக்குத் தன் கதவுகளை அடைத்தது. நுழைவுக் கட்டணத்தை இழந்தும் மேற்கொண்ட எதிர்ப்பு அது.

இச்செய்தி யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு அந்நியமன்று. நம் குடாநாட்டின் தென்கிழக்கே சுண்டிக்குளம் 1938இற் பறவைகள் சரணாலயமாயிற்று. 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வலசை வரும் பூநாரைக்கு அக்களப்பு வேண்டும். அதனருகே வலைவீசும் மீனவனுக்கும் அது வேண்டும். போரினால் இடம்பெயர்ந்து மீண்டவனிடம், எல்லைக்கல்லைக் காட்டி விலகு என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. எல்லையை வரையும்போது அவனது சொல்லுக்கும் இடமிருத்தல் வேண்டும்.

விலங்குக்கு இரங்கி மனிதனை மறப்பதும், மனிதனின் பெயரால் காட்டை விற்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு முகங்கள். டக்குகாமாவுக்குப் பொருளுதவி புரிவோர் அதன் அயற்கிராமங்களுக்கும் சேர்த்தே உதவுகின்றனர் என்பதை நம் மாணவர் அறியட்டும். அவ்வறிவோடு அவர்கள் சுண்டிக்குளத்தையும் நோக்கட்டும்.