விண்வெளிக் கதையும் விடாத அன்பும்

கடற்சிப்பிகள் கல்லாய்க் கிடைக்கும் அரியலூர்ச் சீமையில், ரெட்டிபாளையத்தில் வளர்ந்தவன் நான். ஆயினும் என் மனம் நாடியது விண்ணையே.

1963-இல் 'கலை அரசி' என்னும் தமிழ்ப்படம் வேற்றுலக மாந்தரைத் திரையில் காட்டிற்று. அதற்குத் தொடர்ச்சி எழவில்லை. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிறந்த 'ஸ்டார் டிரெக்' விண்பயணத் தொடரும் 1969-இல் நின்றுபோயிற்று. ஆனால் அதன் அன்பர்கள் ஓயவில்லை. மடல்களை எழுதிக் குவித்தனர். அதன் பயனாக, 1976-இல் நாசா தன் முதல் விண்ணோடத்திற்கு அக்கதைக் கப்பலின் பெயரான 'எண்டர்பிரைஸ்' என்பதையே சூட்டியது. 1979-இல் திரைப்படமும், 1987-இல் புதிய தொடரும், பின்னர்ப் பல கிளைத் தொடர்களும் தோன்றின.

இவற்றை நெடுங்காலம் விரும்பிக் கண்ட நான், நம் 'கலை அரசி'க்காக ஒரு மடலும் எழுதியதில்லை. கதையை வாழ்விப்பவர் ஆக்கியோர் மட்டுமல்லர், மறவாதோரும் ஆவர். நீங்களேனும் எழுதுங்கள்.